லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டார் என்பது போதுமா?

பண்ணைக்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 24 வயது இளைஞர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம் இது:

"நான்கு மாதங்களுக்கு முன்பு அம்மாவைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு வத்தலக்குண்டில் ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினேன். ஊத்து என்ற ஊரைத் தாண்டி டம் டம் பாறைப் பக்கம் இறங்கும்போது முன்னால் கேரட் லோடு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதன் பின்னாலேயே வந்தேன். கடைசியில் லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டார். போகச் சொல்கிறார் என்று ஏறிப் போனேன். அது இடது வளைவு. எதிரே கார் வந்துவிட்டது. பிரேக் அடித்ததும் ஈரத்தில் வண்டி சறுக்கி, காரின் முன்பக்கம் மோதி விழுந்தோம். எனக்குச் சிராய்ப்புதான். அம்மாவுக்கு வலது கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். லாரி நிற்காமல் போய்விட்டது, நம்பர் பார்க்கவில்லை. போலீஸ் என் மேல் வழக்குப் போட்டிருக்கிறது.

லாரிக்காரர் சிக்னல் கொடுத்துத்தானே போனேன்? அந்த இடத்தில் நடுக்கோடு அழிந்துபோய்க் கிடக்கிறது. நான் லாரியை ஒட்டித்தான் போனேன், கோட்டைத் தாண்டவே இல்லை. கார் வெளியூர் வண்டி, ஈ-பாஸ் எடுக்கவில்லை என்கிறார்கள். அப்படியிருக்க என் மேல் மட்டும் எப்படிக் குற்றம்? அம்மா ஹெல்மெட் போடாததால் நஷ்டஈடு எதுவும் வராது என்று சொந்தக்காரர் சொல்கிறார். ஸ்டேஷனில் 'கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ' என்கிறார்கள். கார்க்காரர் 100 ரூபாய் பத்திரத்தில், யாரும் யார் மேலும் எதுவும் கேட்பதில்லை என்று எழுதி, நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்கிறார். நான் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?"

தம்பி, முதலில் அம்மாவின் கால் சீக்கிரம் குணமாகட்டும். இப்போதைக்கு அந்தப் பத்திரத்தில் நீங்களோ அம்மாவோ கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க 'தப்பு யார் மேல்' என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. ஆனால் உங்கள் கையில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒன்று, வண்டி ஓட்டிய உங்கள் மேல் இருக்கும் குற்ற வழக்கு. மற்றொன்று, பின்னால் உட்கார்ந்து வந்து காலை உடைத்துக்கொண்ட அம்மாவின் இழப்பீடு. முதலாவதில் உங்கள் நிலை அவ்வளவு பலமாக இல்லை. இரண்டாவதில் அம்மாவின் நிலை நன்றாகவே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் நஷ்டம் அம்மாவுக்குத்தான். கார்க்காரரின் பத்திரம் செய்யப்பார்ப்பதும் அதைத்தான்.

இண்டிகேட்டர் யாருக்காக?

மலைப்பாதையில் லாரிக்காரர்கள் வழிவிடும் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் வலது இண்டிகேட்டருக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம் இல்லை. 'ஏறிப் போ' என்று இருக்கலாம். 'எதிரே வண்டி வருகிறது, வராதே' என்று சிலர் போடுவார்கள். ஓரத்தில் சரிந்து கிடக்கும் கல்லுக்காகவோ நின்றுகொண்டிருக்கும் வண்டிக்காகவோ லாரியே வலப்பக்கம் ஒதுங்கப் போகிறது என்றும் இருக்கலாம். சட்டப்படி அது, 'நான் வலப்பக்கம் போகிறேன்' என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அவர் உண்மையிலேயே உங்களைப் போகச் சொன்னார் என்று நிரூபித்தாலும், எதிர்ப்பாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்து முந்த வேண்டிய பொறுப்பு உங்களுடையதே. அவர் சிக்னல் கொடுத்ததால் அது அவர் தலைக்கு மாறிவிடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இறக்கத்தில் இடது வளைவு என்றால், எதிரே வருவதை இடப்பக்க மலைச்சுவரும் மறைக்கும், லாரியும் மறைக்கும். லாரி 20 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 35 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு சுமார் 4 மீட்டர். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 30 மீட்டராவது நீங்கள் கூடுதலாகக் கடக்க வேண்டும். அதற்கு 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியில் நீங்கள் சாலையில் 70 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 40-ல் ஏறி வரும் கார் 80 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்த ஆரம்பிக்கும்போது உங்கள் கண்ணுக்கு 150 மீட்டர் சாலை காலியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வளைவில் அவ்வளவு தெரிந்ததா? கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "கார் வந்துவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "தூரத்தில் கார் தெரிந்தது" என்று எழுதவில்லை.

கோடு அழிந்திருந்தால்?

நடுக்கோடு விட்டுவிட்டு வரையப்பட்டிருந்தால், எதிரே காலியாக இருக்கும்போது அதைத் தாண்டி முந்தலாம். விடாமல் ஒரே கோடாக இருந்தால் தாண்டக்கூடாது. இரட்டைத் தொடர்கோடு என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் தடை. ஒரு பக்கம் தொடர்கோடு, மறுபக்கம் விட்ட கோடு என்று சேர்ந்திருந்தால், உங்களை ஒட்டி இருக்கும் கோடுதான் உங்களுக்குச் சட்டம்.

கோடே இல்லாவிட்டால் சட்டமும் இல்லை என்று நினைப்பதுதான் பிசகு. வளைவிலும், மேடு மறைக்கும் இடத்திலும், முன்னால் சாலை தெளிவாகத் தெரியாத இடத்திலும் முந்தக்கூடாது என்பது தனி விதி. அங்கே பெயின்ட் இருக்கிறதா இல்லையா என்பதை அது பார்ப்பதில்லை. 'கோட்டைத் தாண்டவில்லை' என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். பைக் ஒல்லியான வண்டி, லாரிக்கும் கோட்டுக்கும் நடுவே புகுந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வளைவில் முந்தியதே தவறு என்னும்போது எந்த இடுக்கில் முந்தினீர்கள் என்பது பெரிதாக உதவாது. அதோடு, இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், சாலை குறுகலான இடத்தில் ஒதுங்கி நிற்கவும் வேண்டும் என்பது மலைச்சாலை விதி. மலையடிவாரக் காட்ரோட்டிலிருந்து ஏறி வரும் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, சட்டத்துக்கு மாறாக முந்துவதை அபாயகரமாக ஓட்டுவதன் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லோரும் ஜெயிலுக்குப் போகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம். 'சின்ன டிராஃபிக் கேஸ்' என்று நினைத்து அலட்சியம் காட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அழிந்த கோட்டைப் பற்றி நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். எழுதத்தான் வேண்டும். அது ஊருக்கான வேலை. உங்கள் வழக்கைக் காப்பாற்றும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

ஈ-பாஸும் ஹெல்மெட்டும்

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் ஈ-பாஸ் முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்தது. கூட்டத்தைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு அது. பாஸ் இல்லாமல் வந்ததற்கு அந்தக் கார்க்காரர் தனியாகப் பதில் சொல்லட்டும். மோதல் அதனால் நடந்ததா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். பாஸ் எடுத்திருந்தாலும் அதே வளைவில் அதே நேரம் அந்தக் கார் வந்திருக்கும் அல்லவா?

ஹெல்மெட் கதையும் இப்படித்தான், இந்த முறை உங்களுக்குச் சாதகமாக. பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அம்மாவுக்கு அடிபட்டது காலில். ஹெல்மெட் போட்டிருந்தால் கால் உடைந்திருக்காது என்று யாரும் வாதாட முடியாது. சொந்தக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள்.

கார்க்காரரை உண்மையிலேயே கேள்வி கேட்கக்கூடிய விஷயம் வேறு. உங்களுக்கு இடது வளைவு என்றால் அவருக்கு அது வலது வளைவு. பள்ளத்துப் பக்கம் பயந்து, வலது வளைவை அறுத்துக்கொண்டு நடுச்சாலையில் ஏறுவது சமவெளியிலிருந்து வரும் டிரைவர்கள் பலருடைய வழக்கம். அவர் தன் பாதியில் வந்தாரா, நடுவில் வந்தாரா? போலீஸ் போட்ட சம்பவ இட வரைபடம், பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை மூன்றையும் நகல் வாங்குங்கள். சறுக்கல் தடம் எங்கே தொடங்கியது, காரில் எந்த மூலை நசுங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். காரில் டேஷ்கேம் இருந்ததா என்று வழக்கறிஞர் மூலம் கேட்டு, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

அம்மாவின் இழப்பீடு

அம்மா வண்டி ஓட்டவில்லை. உங்கள் பிழையை அவர் கணக்கில் யாரும் எழுத முடியாது. இரண்டு வண்டிக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சம் தவறு செய்திருந்தால், 'உன் மகன் பங்கு இவ்வளவு' என்று கழிக்காமல் முழுத் தொகையையும் காரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே அம்மா கேட்கலாம். காயம்பட்டவர் நீங்கள் என்றால் உங்கள் தவறின் விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைப்பார்கள். அம்மாவுக்கு அந்தக் குறைப்பு கிடையாது. பலர் தவறவிடும் வித்தியாசம் இது.

கார் டிரைவர் மேல் எந்தத் தவறுமே இல்லை என்று முடிவானால்? அதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கும் வழி அது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் 164-ன் கீழ் பணத்தை வாங்கிக்கொண்டால், தவறை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்கும் 166-வது பிரிவு மனு முடிந்துபோகும். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன், அம்மா தோட்ட வேலைக்குப் போக முடியாத மாதங்கள், நிரந்தர ஊனம் ஏதும் இருக்கிறதா என்ற மருத்துவர் கருத்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். காரின் தவறுக்குச் சாட்சி கிடைக்காது என்று தோன்றினால் 164-ஐத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். வரைபடத்தைப் பார்த்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் பைக் இன்சூரன்ஸையும் எடுத்துப் படியுங்கள். 'அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். 2018-க்குப் பிறகு வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருடம் இருப்பது பெரும்பாலும் மூன்றாம் நபர் பாலிசி (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது) மட்டும். சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழு பாலிசி முதல் வருடத்தோடு முடிந்து, யாரும் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். முழு பாலிசி நடப்பில் இருந்திருந்தால் அம்மா உங்கள் கம்பெனியிடமும் கேட்கலாம். இல்லையென்றால், பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குப் பொறுப்பில்லை என்றுதான் கம்பெனி வாதாடும், அந்த வாதம் பெரும்பாலும் எடுபடும். ஆனால் அந்த மூன்றாம் நபர் பாலிசியே கார்க்காரரின் சேதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கும். அவருடைய பம்பருக்காக நீங்கள் கடன் வாங்க வேண்டாம். விபத்தை உங்கள் கம்பெனிக்கு இதுவரை தெரிவிக்கவில்லை என்றால் இன்றே தெரிவியுங்கள்.

மனுவை விபத்து நடந்த இடத்துக்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ, அம்மா குடியிருக்கும் இடத்துக்குரியதிலோ போடலாம். கார்க்காரர் ஊருக்கு அலைய வேண்டாம். சட்டத்தில் சொல்லியிருக்கும் கெடு விபத்திலிருந்து ஆறு மாதம். அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் மிச்சமிருக்கும் இரண்டு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலே வழிகாட்டுவார்கள்.

கோர்ட்டில் ஒப்புக்கொள்வதா?

உங்கள் மேல் போட்டிருப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 125(பி) (அதனால் கொடுங்காயம் ஏற்படுத்துதல்) என்று நீங்கள் அனுப்பிய எஃப்.ஐ.ஆர். நகலில் தெரிகிறது. 125(பி)-க்கு மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. 'ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டு' என்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கு ஒரு ஃபைல் குறையும். உங்களுக்கோ அது தண்டனைத் தீர்ப்பு. சீருடைப் பணிக்குப் படிக்கிற ஒருவர் வக்கீலைப் பார்க்காமல் அந்தக் கூண்டில் ஏறித் தலையாட்டக்கூடாது. நீங்கள் ஒப்புக்கொண்டது தீர்ப்பாயத்திலும் சான்றாக வந்து, 'மொத்தத் தவறும் பைக் மேல்தான்' என்று காரின் இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடக் கைகொடுக்கும்.

கார்க்காரர் 'வாபஸ்' வாங்குவதாகச் சொல்வதும் வெறும் பேச்சு. இது அரசு நடத்தும் வழக்கு, அவர் வாபஸ் வாங்க ஒன்றுமில்லை. காயம் ஏற்படுத்திய பிரிவில் நீதிமன்ற அனுமதியோடு சமரசத்துக்கு வழி உண்டு. ஆனால் அந்தச் சமரசத்தைச் செய்ய வேண்டியவர் காயம்பட்ட உங்கள் அம்மாதான். 281-க்கு அந்த வழியும் இல்லை. வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். வழக்கு இருப்பது ஒரு சிக்கல், மறைத்தது தெரியவந்தால் அது வேறொரு சிக்கல். இரண்டாவதிலிருந்து வெளியே வருவது இன்னும் கடினம். உரிமத்தை ஏன் இடைநிறுத்தக்கூடாது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், பதில் போடாமல் விடாதீர்கள்.

மறுபடி வண்டி எடுக்கும்போது

இனி மலைப்பாதையில் பைக்கே ஓட்டுவதில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பண்ணைக்காட்டில் இருந்துகொண்டு அது எத்தனை நாளைக்கு முடியும்? ஓட்டத்தான் போகிறீர்கள். இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜின் பிடிப்போடு இறங்குங்கள், பிரேக் தேவைப்படும் நேரத்துக்கு மிச்சமிருக்கும். லாரியின் கண்ணாடி உங்களுக்குத் தெரியும்படி பின்தங்கி வாருங்கள். ஒட்டிப் போனால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள், உங்களுக்கும் சாலை தெரியாது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது உள்பக்க இடைவெளியில் புகுந்துவிடாதீர்கள், பின்சக்கரம் அந்த இடத்தைத்தான் அறுத்துக்கொண்டு வரும். மழை, பனிமூட்டம், ஊற்றுத் தண்ணீர் கசியும் வளைவு, பின்னால் ஆள் இருக்கும் பயணம் இதில் எதுவாக இருந்தாலும் முந்தும் யோசனையையே விடுங்கள். வழியில் ஒதுங்கும் இடங்களும் டீக்கடைகளும் இருக்கின்றன. லாரியை முன்னால் அனுப்பிவிட்டு ஒரு டீ குடித்து இறங்கினால் கால் மணி நேரம் போகும், வளைகாப்பு நின்றுவிடாது.

கார்க்காரர் அடுத்த முறை போன் செய்தால் சண்டை போடாமல், "வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறோம், உங்கள் இன்சூரன்ஸ் பாலிசி நகலை அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பத்திரம் வந்தால் கையெழுத்துப் போடாமல் வாங்கி வையுங்கள். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்று, எக்ஸ்ரே, ஆட்டோவுக்குக் கொடுத்த சீட்டு வரை ஒரே ஃபைலில் போட்டு, இந்த வாரத்துக்குள் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவில் அம்மா பெயரில் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் வழக்குக்கு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் நீங்களும் ஒரே வீட்டில் இருந்தாலும் இந்த விஷயத்தில் இருவரின் நலனும் ஒன்றல்ல என்பதால் ஒரே வக்கீல் இரண்டையும் நடத்துவது சரிப்படாது.